அப்ரைட் வாக்குவம் கிளீனர்: பிரஷ்ஷைப் பார்த்து வாங்குங்கள்

விலை உயர்ந்த அப்ரைட் (நின்றபடி தள்ளும் வகை) வாக்குவம் கிளீனர் வாங்குவோர் பலர் உறிஞ்சும் திறனை மட்டுமே ஒப்பிடுகிறார்கள். கார்பெட்டில் பாதி வேலை சுழலும் பிரஷ்ஷுடையது.

அதனால்தான் ஜெர்மனியின் செபோ பிராண்டை முதலில் வைக்கிறேன். அதன் எக்ஸ் வரிசை, கார்பெட்டின் தடிமனுக்கு ஏற்ப பிரஷ்ஷைத் தானே ஏற்றி இறக்கும். ஸ்க்ரூடிரைவர் இல்லாமலே பிரஷ் உருளையை உருவி, சுற்றிய முடியை வெட்டி எடுக்கலாம். எந்த பிராண்டிலும் இந்த முடியை விட்டுவைத்தால் பேரிங் இறுகி, பெல்ட் வழுக்கி, ரப்பர் கருகும் வாடை வரும்.

டைசன் நிறுவனம் 1993இல் டிசி01 மாடல் மூலம், காற்றைச் சுழற்றித் தூசியைத் தொட்டியில் சேர்க்கும் பையில்லா சைக்ளோன் முறையைப் பரவலாக்கியது. பைச் செலவு மிச்சம்தான். ஆனால் ஃபில்டரைக் கழுவினால் குறைந்தது 24 மணி நேரம் காயவிட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் தூசி சேறாகி அடைத்து நாறும். சிமென்ட் தூள், சுவர்ப்பூச்சுத் தூள் இரண்டையும் இதில் இழுக்கவே வேண்டாம். தொட்டியைக் கொட்டும்போது தூசி பறக்கும், ஆஸ்துமா உள்ள வீட்டுக்குப் பை வைத்ததே சரி. பை முக்கால்வாசி நிரம்பியதுமே மாற்றிவிடுங்கள், காற்றோட்டம் குறைந்தால் மோட்டார் சூடாகும்.

அமெரிக்காவின் கர்பி உலோக உடம்பு, நெடுநாள் உழைக்கும். கனமும் விலையும் அதிகம். மாடிப்படி உள்ள வீட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.