லேபர் ரூமில் அட்வெந்து

பதினேழு வருடங்களாகப் பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் நைட் டியூட்டி. டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் அட்வெந்து நாட்களில், எங்கள் சபையார் வீடு வீடாகப் பாடிப்போகும் கீதபவனிக்குக் கிளம்பும் நேரத்தில் நான் லேபர் ரூமில் கையுறை மாட்டிக்கொண்டு நிற்பேன். ஆராதனையைத் தவறவிடுகிறோமே என்ற குறை ரொம்ப நாள் மனதை அரித்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. தலைப்பிரசவத்துக்கு ஒரு பெண் வந்திருந்தாள். இரவு 2 மணிக்குக் கர்ப்பப்பை வாய் 7 சென்டிமீட்டர்தான் திறந்திருந்தது. 10 ஆக வேண்டும். அவள் துடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், "முக்கும்மா, நல்லா முக்கு" என்று சொல்லிவிட்டேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து சீனியர் அக்கா ஓடி வந்தார். "முழுசா திறக்காம முக்க வைக்காத. வாய் வீங்கிப்போகும். இவளுக்கும் தெம்பெல்லாம் இப்பவே போயிரும்."

அப்புறம் அவர் அந்தப் பெண்ணின் இடுப்பை அழுத்தித் தடவிக்கொண்டே மெல்லிய குரலில் ஒரு கீர்த்தனை பாடினார். நடுவில் நிறுத்தி, "குழந்தையோட துடிப்பைக் கேட்டு எழுது" என்பார். மறுபடி விட்ட இடத்திலிருந்து பாடுவார்.

கடவுளிடம் ஒப்புக்கொடுத்தல் என்றால் கையைக் கட்டி உட்கார்ந்திருப்பது என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த இரவில் ஒரு கையும் சும்மா இருக்கவில்லை. அரை மணிக்கு ஒருமுறை துடிப்பைக் கேட்டோம். 10 நிமிடத்தில் எத்தனை வலி வருகிறது என்று எண்ணினோம். தண்ணீர் கொடுத்தோம், நடக்க வைத்தோம். நேரத்தை மட்டும் எங்கள் கையில் எடுத்துக்கொள்ளவில்லை.

பைபிளில் லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் வரும் அன்னாளை அதன்பிறகுதான் கவனித்து வாசித்தேன். ஏறக்குறைய 84 வயது விதவை. தேவாலயத்தை விட்டு நீங்காமல் இரவும் பகலும் ஆராதனை செய்துகொண்டிருந்தாள் என்று இருக்கிறது. அவளுக்குக் காத்திருப்பதும் ஆராதிப்பதும் ஒரே வேலைதான். 130ஆம் சங்கீதத்தில் விடியலுக்குக் காத்திருக்கும் ஜாமக்காரர் வருகிறாரே, அவரும் தூங்காமல் வேலையில் இருப்பவர். அவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

இயேசுவின் தாய் மரியாளும் அப்படித்தான். "உமது வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" என்று தேவதூதனிடம் சொன்ன கையோடு மலைநாட்டுக்கு நடந்தாள். அங்கே அவளுடைய உறவுக்காரி எலிசபெத்துக்கு ஆறாம் மாதம். வயிற்றில் பிள்ளை களிப்பாய்த் துள்ளுகிறது. ஆறு மாதத்தில் பிள்ளை துள்ளும்போது தாயின் முகத்தில் வரும் சிரிப்பை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மரியாள் பாடியதும் அங்கேதான். இயேசு இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் பாட்டு வந்துவிட்டது. அட்வெந்தின் மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சிக்கென்று இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தி ஏற்றும்போதெல்லாம் எனக்கு அந்த மலைநாட்டு வீடு நினைவுக்கு வரும்.

எல்லா இரவும் அப்படி விடிவதில்லை. எவ்வளவு தேடியும் துடிப்பு கேட்காத இரவுகள் உண்டு. அப்போது எனக்குப் பாட்டு வராது, வசனமும் சொல்ல மாட்டேன். அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதையும் ஆண்டவர் ஆராதனையாக ஏற்றுக்கொள்கிறார் என்று நம்புகிறேன்.

போன டிசம்பர், அதே மூன்றாம் ஞாயிறு இரவு. ஒரு பெண்ணுக்கு இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டுக் குலதெய்வத்தின் கயிறு கையில் கட்டியிருந்தது. என்னை அறியாமல் அக்காவின் கீர்த்தனையைப் பாடியிருக்கிறேன் போல. ஒரு வலி வந்ததும் நிறுத்திவிட்டேன். அவள் கண்ணைத் திறக்காமல், "நிறுத்தாதீங்கக்கா" என்றாள்.

5.40க்குப் பெண் குழந்தை பிறந்தது. அதுவரை பாடிக்கொண்டிருந்தேன்.