கினு கீறேன், கொண்டிருக்கிறன்

2007-ல் இலங்கையின் மன்னாரிலிருந்து படகில் வந்து, மண்டபத்தில் அகதியாகப் பதிந்து, சென்னைப் பக்கம் புழல் முகாமுக்கு வந்து சேர்ந்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் லாரி வரிசையில் ஒரு பெண், "இன்னாக்கா, எம்மா நேரமா நின்னுக்கினு கீறே?" என்றாள். எனக்கு விளங்கியது 'அக்கா' மட்டும்தான்.

அப்புறம் தண்டையார்பேட்டைக்குக் குடிவந்தோம். பாரிமுனையில் கப்பல் சரக்கு பார்க்கும் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே இங்கிலீஷ் இல்லாமல் முடியாது. மாடி வீட்டில் தபால் துறையில் ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். இங்கே 'சார்' என்பதை எங்கள் ஊர் வழக்கில் நான் 'சேர்' என்பேன், அவர் சிரிப்பார். மாலையில் பாடம்.

"நீங்க 'வந்துகொண்டிருக்கிறன்'றீங்க. எங்காளு 'வந்துக்கினு கீறேன்'றான். இங்கிலீஷ்காரன் 'ஐ ஆம் கமிங்'றான். மூணும் ஒண்ணுதாம்மா" என்றார். 'கொண்டு'தான் தேய்ந்து 'கினு' ஆனது என்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது.

அதையே சோதனையாகவும் வைத்தார். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று எழுதியிருந்தேன். "எனக்கு ரெண்டு தம்பிங்க இருந்துக்கினு கீறாங்கன்னு யாராவது சொல்வாங்களா? அப்ப ஐஎன்ஜியை எடுங்க." 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' மட்டும் சரியாம். சாப்பிட்டுக்கினு கீறேன் என்று சொல்லலாமே.

நம் வினைச்சொல்லில் ஆளும் சேர்ந்தே இருக்கிறார்; 'வந்தாள்' என்றால் போதும். இங்கிலீஷில் யார் வந்தாலும் 'கேம்'தான். நிகழ்காலத்தில் மட்டும் அவனுக்கும் அவளுக்கும் ஒரு 'எஸ்' ஒட்டும். அந்த எஸ்ஸை நான் இன்றைக்கும் விழுங்குகிறேன்.

மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். 2019-ல் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், சென்னையில் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று போனில் விசாரித்தார். 'ஐ வாஸ் இன் சென்னை ஃபார் ட்வெல்வ் இயர்ஸ்' என்றேன். 'ஓ, வேர் ஆர் யூ நௌ?' என்றார். பாரிமுனையில்தான் ஐயா!

சேர் தலையில் கைவைத்துக்கொண்டார். 'வாஸ்' என்றால் இருந்து முடிந்துவிட்டது. 'பன்னிரண்டு வருசமா இருக்கிறன்' என்பதை அப்படியே 'ஐ ஆம் ஹியர் ஃபார் ட்வெல்வ் இயர்ஸ்' என்றாலும் சிக்கல். ஏதோ பன்னிரண்டு வருடம் தங்கிப் போக வந்தவள் மாதிரி கேட்கும். அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு 'ஹேவ் பீன்'. தண்ணீர் வரிசைப் பெண் கேட்டதுகூட 'ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஸ்டாண்டிங்'தான். 'எம்மா நேரமா' வந்தாலே 'ஹேவ் பீன்' தேடணும் என்றார்.

ஊரைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னார். 'ஐ லிவ்ட் இன் மன்னார்' சரி. முகாமில் இருந்த மூன்று வருடத்துக்கு 'வாஸ்', அதுவும் சரி. கடைசி வாக்கியம், 'ஐ ஹேவ் எ ஹவுஸ் இன் மன்னார்.' பென்சில் 'ஹேவ்' மேல் நின்றது.

"வீடு இருக்காம்மா இப்ப?"

"கூரை இல்லை சேர். உறுதி இருக்கு."

"உறுதியா இருக்குன்றீங்களா?"

"இல்லை சேர், உறுதி... நீங்கள் பத்திரம் எண்டு சொல்லுவியள். ட்ரங்குப் பெட்டிக்குள்ள கிடக்கு."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். 'ஹேவ்' பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டுவிட்டு, தேநீர் வைக்க எழுந்து போனார்.