ஸ்ட்ரைக்கர் ஏன் கோணலாகப் போகிறது?

புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகு வடசென்னையில் கேரம் போர்டைச் சுற்றிக் கூட்டம் இன்னும் கூடிவிட்டது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "குறி சரியாத்தாண்ணா வெச்சேன், காய் போகல."

குறியில் தப்பிருக்காது, சுண்டுவதில்தான் இருக்கும். நகத்துக்கும், காய்களை அடிக்கும் பெரிய வட்டான ஸ்ட்ரைக்கருக்கும் நடுவே இடைவெளி விட்டு ஓங்கி அடித்தால் நகம் எங்கே படும் என்பது கையில் இல்லை. நகம் இடது ஓரத்தில் பட்டால் ஸ்ட்ரைக்கர் வலப்பக்கம் ஓடும். விரலை ஸ்ட்ரைக்கரை ஒட்டியே வைத்து, நடுப்புள்ளி வழியாகத் தள்ளிவிடுங்கள். மற்ற விரல்நுனிகள் பலகையில் ஊன்றியிருக்கட்டும். மணிக்கட்டு தூக்கினால் ஸ்ட்ரைக்கர் எகிறும்.

சோதிக்க ஒரு வழி. காய்களை எல்லாம் எடுத்துவிட்டு, பேஸ் லைன், அதாவது உங்கள் பக்கத்து இரட்டைக் கோட்டின் நடுவில் ஸ்ட்ரைக்கரை வைத்து எதிர்ச் சட்டத்துக்கு நேராக விடுங்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். வலப்பக்கம் விலகி வந்தால் நகம் இடது ஓரத்தில் பட்டிருக்கிறது. இது சரியாகும்வரை காயின் ஓரத்தில் அடித்துத் திசை திருப்பும் கட் ஷாட் பக்கமே போகாதீர்கள்.

வேகம் அடுத்தது. 15 கிராம் ஸ்ட்ரைக்கர், ஐந்து கிராம் சொச்சம் காய். இதற்குப் பலமே தேவையில்லை. வேகமாகப் போகும் காய் பாக்கெட் விளிம்பில் முட்டி வெளியே தெறிக்கும்.

பவுடரை மாவு மாதிரி கொட்டாதீர்கள். மெல்லத் தூவித் துணியால் பரப்பினால் போதும். திட்டாக நின்ற இடத்தில் காய் திசை மாறும். ஸ்ட்ரைக்கரை வைக்கும்போது அது பேஸ் லைனின் இரண்டு கோடுகளையும் தொட வேண்டும், கோட்டின் முனையிலுள்ள ஓர வட்டத்தைப் பாதி மறைத்தால் ஃபவுல்.