ஈரம் குடிக்கும் பெட்டியும் ஊட்டி ஜனவரியும்

நீலகிரியில் மொபைல் டவர் பேட்டரி பார்க்கிறவர்களுக்கு ஈரம் என்றாலே ஆகாது. கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் பிறந்தால் கேபினெட் கதவின் உட்புறம் வியர்த்து நிற்கும். டெர்மினலில் பச்சை பூக்கும். பேட்டரியின் சார்ஜைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் பி.எம்.எஸ். போர்டில் ஒரு சொட்டு இறங்கினால் அன்றைய பொழுது அதோடு சரி. ரப்பர் வளையம், கிரீஸ், சிலிக்கா ஜெல் பொட்டலம் என்று ஈரத்தை வெளியே நிறுத்துவதிலேயே எங்கள் வேலையில் பாதி போகிறது. அதனால்தான், காற்றின் ஈரத்தை வைத்தே பேட்டரியின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று நான் சொன்னபோது, கூட வேலை பார்க்கும் தேவாலாத் தம்பி சிரித்துவிட்டான். “என்னண்ணா, ஈரத்தை விரட்டத்தானே நமக்குச் சம்பளம்? நீங்க இலை போட்டுக் கூப்பிடுறீங்களே!”

யோசனை என்னுடையதல்ல. 2020-இல் ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து காட்டியது. எம்.ஐ.எல்.-101 என்ற, நுண்துளைகள் நிறைந்த குரோமியச் சேர்மத்தைக் கார்பன் நுரையில் ஏற்றி பேட்டரியோடு ஒட்டவைத்தார்கள். பேட்டரி சும்மா இருக்கும்போது அது காற்றிலிருந்து நீராவியை இழுத்து வைத்துக்கொள்ளும். பேட்டரி சூடானால் அந்த நீர் ஆவியாகி வெப்பத்தையும் கொண்டுபோகும். ஒரு கிலோ நீர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வேண்டும். இதே வேலைக்குப் பயன்படுத்தும் பாரஃபின் மெழுகு உருகும்போது கிலோவுக்கு ஏறத்தாழ 200 கிலோஜூல்தான் வாங்கும். இன்னொரு பக்கமும் உண்டு: ஈரத்தை இழுக்கும்போது அந்தப் பொருள் வெப்பத்தைத் திருப்பித் தரும். குளிரில் பேட்டரியைச் சூடாக்கவும் அவர்கள் அதையே பயன்படுத்தினார்கள்.

இந்த வித்தை எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 20 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 40 டிகிரி பேட்டரியைத் தொட்டுச் சூடானால் அதன் ஈரப்பதம் 28 சதவீதமாக விழுந்துவிடும். அந்த இடத்தில் எம்.ஐ.எல்.-101 நீரைத் தாராளமாக விட்டுவிடும். சிலிக்கா ஜெல் அவ்வளவு சீக்கிரம் விடாது, அதை முழுதாக உலர்த்த 100 டிகிரிக்கு மேல் வேண்டும். கால்சியம் குளோரைடு மலிவுதான். ஆனால் மழைக்கால உப்பு ஜாடி போல அதுவே கரைந்து ஒழுகும், பட்ட உலோகத்தை அரிக்கும். அதை கேபினெட் பக்கமே விடமாட்டேன்.

ஊட்டி ஜூலைக்கு வருவோம். காற்று 12 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம். பேட்டரி 22 டிகிரிக்கு வந்தாலும் அதன் பக்கத்தில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. எந்தப் பொருளை வைத்தாலும் குடித்த நீரோடு அப்படியே உட்கார்ந்திருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்படிப்பட்ட சீசனில் எதை எங்கே உலர்த்துவது? தவிர, அப்போது எங்களுக்குக் குளிரூட்ட வேண்டிய தேவையும் இல்லை. குளிரூட்டும் கதையெல்லாம் மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு.

மலையில் லித்தியம் பேட்டரிக்குத் தொல்லை ஜனவரியில்தான். தலைக்குந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் இரவில் கரண்ட் போனால் பேட்டரி டவரைத் தாங்கிவிடும். விடியற்காலை கரண்ட் வந்ததும்தான் வம்பு. பேட்டரி செல் குளிர்ந்திருந்தால் பி.எம்.எஸ். சார்ஜைக் குறைக்கும், 0 டிகிரிக்குக் கீழே அடியோடு நிறுத்தும். மீறி ஏற்றினால் நெகட்டிவ் முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். அதனால் பி.எம்.எஸ்.ஸைக் குறைசொல்ல முடியாது.

உறைபனிக்கு மேகமில்லாத வானம் வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த இரவுக்கு முன்னும் பின்னும் பகலில் நல்ல வெயில் அடிக்கும், காற்றும் உலர்ந்திருக்கும். வெயிலில் காயும் தகரத்தின் கீழே வைத்தால் சிலிக்கா ஜெல்கூட ஓரளவு உலரும். சாயங்காலம் அதை மூடிவைத்து, தேவைப்படும் நேரத்தில் திறந்தால் வெப்பம் கிடைக்கும். மூடி இல்லாவிட்டால் ராத்திரி எட்டு மணிக்கே குடித்து முடித்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ சிலிக்கா ஜெல் 200 கிராம் ஈரம் இழுத்தால் சுமார் 500 கிலோஜூல். 45 கிலோ பேட்டரிக்கு அது 11 டிகிரி. ஆனால் 0 டிகிரிக் காற்றில் கனமீட்டருக்கு 5 கிராம் நீராவிகூட இருக்காது. அந்த 200 கிராமுக்கு 40 கனமீட்டருக்கு மேல் காற்று ஓடவேண்டும், அந்தக் காற்றே வெப்பத்தில் ஒரு பங்கைத் தூக்கிக்கொண்டு போகும். சின்ன ஃபேன் ஒன்று வேண்டும். நாலைந்து டிகிரி தேறினாலே எனக்குப் போதும். ஈரக்காற்று உள்ளே வரக்கூடாது என்பதால் சிலிக்கா ஜெல் பெட்டியை கேபினெட்டுக்கு வெளியே, பேட்டரி ஒட்டியிருக்கும் உலோகச் சுவரின் மறுபக்கம் பொருத்தவேண்டும். இதைச் சொன்ன பிறகுதான் தம்பி சிரிப்பை நிறுத்தினான்.

மேலதிகாரிகளுக்கு எழுதிக் கேட்டதற்கு, ஹீட்டர் பேட் போட்டுக்கொள்ளலாமே என்று பதில் வந்தது. போடலாம், கெட்ட வழியில்லை. ஆனால் விடியற்காலை வந்த கரண்ட் அரை மணியில் மறுபடி போகும் நாட்களில், அந்த அரை மணிக் கரண்டும் ஹீட்டருக்கே சரியாகிவிடும். பேட்டரிக்கு ஒன்றும் ஏறியிருக்காது.