சுளுக்கு என்று சொல்லி அனுப்பிய கால்

யாரோ பின்னாலிருந்து மட்டையால் என் குதிகாலில் ஓங்கி அடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மைத்துனரைத் திட்டுவதற்காகத் திரும்பினால், அவர் ஆட்டக்களத்தின் மறுமூலையில் நின்றுகொண்டு, "என்ன சத்தம் அது?" என்று என்னையே கேட்டார். காய்ந்த மூங்கில் முறிவது போன்ற அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. அது 2024 ஜனவரி 6, சனிக்கிழமை மாலை. மொரீஷியசில் ரோஸ் ஹில்லுக்கு அருகில் உள்ள எங்கள் ஊர் மண்டபத்தில் வாரம் ஒருமுறை பூப்பந்து ஆடும் 47 வயதுக்காரனான எனக்கு, வலது காலின் குதிநாண் அறுந்த தருணம் அதுதான். ஆனால் அதன் பெயர் தெரிய எனக்கு 11 நாட்கள் ஆயின. பெயர் தெரிந்ததும் ஒரு முத்திரை விடுபட்டுப்போன தயவால்தான்.

அன்றிரவு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நான்கு மணி நேரம் காத்திருந்தேன். மொரீஷியசில் அரசு மருத்துவம் இலவசம் என்பதால் காத்திருப்பதைப் பற்றி நான் குறை சொல்வதில்லை. என் வருத்தம், கடைசியில் கிடைத்த மூன்று நிமிடங்களைப் பற்றியது. இளம் மருத்துவர் கணுக்கால் எலும்பின் இரு பக்கங்களையும் அழுத்திப் பார்த்தார், நான்கு அடி நடக்கச் சொன்னார், எதற்கும் இருக்கட்டும் என்று எக்ஸ்ரேயும் எடுக்க வைத்தார். இந்த அழுத்தலும் நான்கு அடி நடையும் 1992-இல் கனடாவின் ஒட்டாவாவில் வகுக்கப்பட்ட விதிகள் என்பதைப் பின்னர் அறிந்தேன். எலும்பு முறிந்திருக்குமா, எக்ஸ்ரே தேவையா என்று தீர்மானிக்க அவை மிகவும் நம்பகமானவை. ஆனால் அவை எலும்பைப் பற்றி மட்டுமே பேசும். நாணைப் பற்றி எதுவும் சொல்லா. எக்ஸ்ரேயும் அப்படித்தான். படத்தில் எலும்பு ஒழுங்காக இருந்தது. "பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்த முடிகிறதா?" என்று கேட்டார். முடிந்தது. "ஃபுலுர்தான், பயப்பட வேண்டாம்" என்று கிரியோலில் சொல்லி, ஒரு கட்டுத்துணியையும் வலி மாத்திரையையும் மூன்று நாள் விடுப்புச் சீட்டையும் கொடுத்து அனுப்பினார். சுளுக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் வீட்டில் அனைவருக்கும் நிம்மதி. எனக்கும்தான்.

பாதத்தை அழுத்த முடிந்ததே ஏமாற்று வித்தை. கெண்டைக்கால் சதையையும் குதிகால் எலும்பையும் இணைக்கும் அந்தத் தடித்த நாண் முழுவதுமாக அறுந்தாலும், கணுக்காலின் உட்புறமும் வெளிப்புறமும் ஓடும் வேறு சில நாண்கள் பாதத்தைப் பலவீனமாகக் கீழே இழுக்கத்தான் செய்யும். ஆகவே "அசைகிறது, எனவே அறவில்லை" என்ற முடிவு தவறு. தட்டையாகக் கால் வைத்து நொண்டி நடக்கவும் முடியும். முடியாதது ஒன்றே ஒன்று: அந்த ஒற்றைக் காலில் விரல் நுனியில் எழுந்து நிற்பது. அதை யாரும் என்னைச் செய்து பார்க்கச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஊர் சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த மருத்துவர் வீக்கத்தைப் பார்த்து, மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். யாரோ வராமல் போன இடம் ஒன்று காலியாக இருந்ததால் 15 ஆம் தேதிக்கே ராந்தேவு, அதாவது முன்பதிவு, கிடைத்தது. இதற்கிடையில் என் பெரியம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து, சுளுக்கு எடுக்கிறேன் என்று மாலைதோறும் குதிகாலுக்கு மேலே அழுத்தித் தேய்த்து, பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி வளைத்து இழுத்தார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. சுளுக்கு என்று எழுதிக் கொடுத்தவர் மருத்துவர். ஆனால் அறுந்த நாணின் இரு முனைகளும் ஒன்றையொன்று நெருங்க வேண்டிய நாட்களில் பாதத்தை மேல்நோக்கி இழுப்பதைவிடக் கெட்ட காரியம் வேறு இல்லை. மூன்றாம் நாள் தேய்க்கும்போது, "இங்கே ஒரு பள்ளம் இருக்கிறதே" என்று பெரியம்மா சொன்னார். குதிகால் எலும்புக்கு நாலு விரல் மேலே, அவருடைய கட்டைவிரல் உள்ளே அமுங்கும் அளவுக்கு ஒரு குழி. மருத்துவமனையில் எவருடைய விரலும் தொடாத இடத்தை அவர் விரல் தொட்டது. நாங்கள் இருவரும் அதை வீக்கத்தின் விளைவு என்று எடுத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் தமிழ் வகுப்பு. பொங்கல் நெருங்கிவிட்டதால் பலகையின் உச்சியில், வழக்கமாகக் குறள் எழுதும் வரியில், வாழ்த்து எழுதலாம் என்று கையை உயர்த்தினேன். எப்போதும் தானாக எழும் குதிகால் எழவில்லை. காலுக்குச் சொல்லியனுப்பிய செய்தி வழியில் எங்கோ தொலைந்துவிட்டது போலிருந்தது. வலிகூட அவ்வளவாக இல்லை, பலம்தான் இல்லை. இரண்டு வரி கீழே எழுதிவிட்டு அமர்ந்துவிட்டேன்.

பொங்கல் நாளான 15 ஆம் தேதி பெலால் புயல் வந்தது. போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் மிதந்த அந்த நாளில், என் ஸ்கேனைப் பற்றிக் கவலைப்படுவது எனக்கே அற்பமாகத் தோன்றியது. 17 ஆம் தேதி ஊன்றுகோலுடன் இரண்டு பேருந்து மாறி மருத்துவமனைக்குப் போனேன். புயலால் தவறிய நாளுக்கு மாற்று நாள் கேட்டபோது, சாளரத்துக்குப் பின்னால் இருந்த எழுத்தர் என் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சுகாதார நிலையத்தின் முத்திரை இல்லை என்றார். முதலில் ராந்தேவு கொடுத்தபோது இதே கடிதம் செல்லுபடியானதே என்றேன். அப்போது கொடுத்தவரைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. முத்திரையோடு வந்தாலும் அடுத்து இருக்கும் இடம் பிப்ரவரி 27 தான் என்றும் சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரை அழைத்தார். மருத்துவமனை வாசலில் அன்று நான் மனத்துக்குள் பேசிய தமிழை வகுப்பில் சொல்லித்தர முடியாது.

முத்திரைக்காகத் திரும்பவும் சுகாதார நிலையம். வழக்கமான மருத்துவர் விடுப்பில் இருந்தார்; பதிலாக, ஓய்வு பெறும் வயதை எட்டியிருந்த ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். முத்திரை மட்டும் போதும் என்றேன். "எதற்கு முத்திரை போடுகிறேன் என்று நான் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டு, என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, பாதங்கள் இரண்டும் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி வைத்தார். இடது கெண்டைக்கால் சதையைக் கையால் பிசைந்தார். இடது பாதம் தானாகக் கீழே குனிந்து நிமிர்ந்தது. வலது சதையைப் பிசைந்தார். வலது பாதம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. தோளின் மேலாகத் திரும்பி அதை நானும் பார்த்தேன். யாரோ ஒருவருடைய கால் போல அது அசையாமல் கிடந்த காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. 10 விநாடிகூட ஆகவில்லை. கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். 1957-இல் சிம்மண்ட்ஸ் என்ற மருத்துவர் எழுதிவைத்து, 1962-இல் தாம்சன் என்பவரும் விளக்கி, பெரும்பாலும் அவர் பெயராலேயே வழங்கும் சோதனை இது. அம்மையார் சிவப்பு மையில் "நாண் அறுந்திருக்கிறது, அவசரம்" என்று புதுக் கடிதம் எழுதினார். முத்திரையை இரண்டு முறை குத்தினார்.

மறுநாள் எலும்பு மருத்துவப் பிரிவில் அந்தச் சிவப்பு மை நான்கு கதவுகளைத் திறந்தது. காத்திருந்த நேரத்தில் பெஞ்சில் பேச்சு முழுவதும் கால்களைப் பற்றியே. ஒருவருக்குக் காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் உள்ளங்காலின் குதிப்பக்கம் ஆணி குத்துவது போல வலித்து, நடக்க நடக்கக் குறையும். அது உள்ளங்கால் சவ்வின் அழற்சி. இன்னொருவருக்கு நள்ளிரவில் கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும். அது யூரிக் அமில வாதம். எங்கள் எல்லோரையும்விடத் தாதியர் பதறியது, வலியே இல்லை என்று சிரித்துக்கொண்டிருந்த ஒரு முதியவரைப் பார்த்துத்தான். அவர் பாதம் வீங்கிச் சூடாக இருந்தது. பல ஆண்டுச் சர்க்கரை நோயால் உணர்வு மரத்துப்போயிருந்தது. பெரியவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உள்ள இந்தத் தீவில், வலிக்காத வீங்கிய கால்தான் முதலில் உள்ளே போக வேண்டிய கால் என்று தாதி ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அறுவை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு விநோதமாக இருந்தது: "அண்மையில் ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா?" டிசம்பரில் சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் எடுத்திருந்தேன். அந்த வகை மருந்துகள் குதிநாணைப் பலவீனப்படுத்தக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை இடச் செய்திருக்கிறது. என் நாண் அதனால்தான் அறுந்தது என்று அவர் சொல்லவில்லை; அப்படி உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஆயினும் அந்த மாத்திரையைச் சாப்பிடும் நாட்களிலும் அதற்குப் பிந்தைய வாரங்களிலும் குதிகாலுக்கு மேலே வலி தோன்றினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதை எனக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

பலருக்கு அறுவை இல்லாமலே, பாதத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டி வைப்பதாலேயே நாண் கூடிவிடும். ஆனால் அதை முதல் நாட்களிலேயே தொடங்க வேண்டும். என் பாதத்தைச் சாய்த்து ஸ்கேன் செய்தபோது இரு முனைகளும் சந்திக்கவில்லை. 11 நாள் நடையும் எண்ணெய்த் தேய்ப்பும் தம் வேலையைச் செய்திருந்தன. 22 ஆம் தேதி அறுவை நடந்தது. அதில் சொல்வதற்குக் குறை ஒன்றும் இல்லை. 25 ஆம் தேதி தைப்பூசக் காவடி எங்கள் தெரு வழியே போனபோது, மாவுக்கட்டுக் காலைத் தலையணையில் வைத்தபடி சன்னலிலிருந்து பார்த்தேன்.

இரண்டு வாரம் மாவுக்கட்டு, பிறகு கணுக்காலை அசையாமல் பிடிக்கும் பூட். குதிகாலுக்கு அடியில் ஆப்பு போன்ற அடுக்குகளை வைத்து, சில நாட்களுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே வருவார்கள். அவசரப்பட்டு ஒன்றை நீங்களே எடுத்துவிடாதீர்கள்: நாண் நீண்டு கூடினால் அறாத நாண்போலத் தோன்றும், உந்தும் பலம் மட்டும் வராது. பூட் உயரமானது என்பதால் மறுகாலுக்குத் தடித்த அடியுள்ள சப்பாத்து போடாவிட்டால் ஒரு வாரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும், எனக்குப் பிடித்தது. கால் அசையாத வாரங்களில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. அதற்கான ஊசியை வயிற்றில் நானே குத்திக்கொள்ளப் பழகினேன். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ அடுத்த ராந்தேவுக்குக் காத்திருக்காமல் உடனே போக வேண்டும் என்று மூன்று பேர் மூன்று மொழிகளில் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு மட்டும் அவர்களை மெச்சுகிறேன். தேய்ப்பதற்கு முன் குப்புறப் படுக்க வைத்துச் சதையைப் பிசைந்து பார்க்க வேண்டும் என்பதைப் பெரியம்மா இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் செய்து காட்டுகிறார்.

பிப்ரவரி 27 காலை, பூட் காலோடு வீட்டில் அமர்ந்திருந்தபோது மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது: சுளுக்குக்கான ஸ்கேனுக்கு ஏன் வரவில்லை?

அக்டோபர் இறுதியில், தீபாவளிக்கு முந்தைய வகுப்பில், பலகையின் உச்சி வரிக்குக் கையை உயர்த்தினேன். குதிகால்கள் இரண்டும் எழுந்தன. வலது சற்றுத் தாமதமாக. எழுதிய வரி கோணலாகத்தான் விழுந்தது, அழிக்காமல் விட்டுவிட்டேன்.