நோட்டீஸ், பிளாக், பாட்டு நோட்டு: நாடக அறை நாட்குறிப்பு

பிப்ரவரி 11

நாங்கள் அமைக்கிற நாடகக் காட்சி அறைக்கு, மூடப்போகிற ஓர் அச்சகத்திலிருந்து இரண்டு சாக்கு மூட்டைகள் வந்து இறங்கின. பிரித்தால் அத்தனையும் பிளாக். துத்தநாகத் தகட்டில் முகத்தை அரித்தெடுத்து, சின்ன ஆணிகளால் மரக்கட்டையில் அறைந்தவை. ஸ்பெஷல் நாடகம் என்றால் நிலையான குழு கிடையாது, ஊருக்கு ஊர் நடிகர்களைத் தனித்தனியாக அழைத்து நடத்துவது. ஆப்செட் வருவதற்கு முன்னால் அதற்கு நோட்டீஸ் அடித்த அச்சகங்களில் இவை பெட்டி பெட்டியாக இருக்கும். எந்த ஊருக்கு எந்த ராஜபார்ட் (கதாநாயகன் வேஷம்), எந்த ஸ்திரீபார்ட் (பெண் வேஷம்) என்று முடிவானதும் அந்தந்த முகத்தைத் தேடியெடுத்து, எழுத்துகளோடு சேர்த்துப் பூட்டி அச்சடிப்பார்கள்.

ஒன்றை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் துடைத்துப் பார்த்தேன். பள்ளங்களில் மை காய்ந்து அடைந்திருந்தது. அது உதிர உதிர, புள்ளி புள்ளியாக ஒரு பெண் முகம் தெரிந்தது. நெற்றிச்சுட்டி, தோளில் இறங்கிய பின்னல், இடம் வலம் மாறிய மூக்குத்தி. கட்டையின் பின்புறம் பென்சிலில் எழுதிய பெயர் அழிந்துவிட்டது. ஊர் மட்டும் தெரிகிறது: புதுக்கோட்டை. யாரம்மா நீங்கள் என்று கேட்கத் தோன்றியது. இந்த முகத்துக்குப் பெயர் கண்டுபிடிக்காமல் இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க எனக்கு மனமில்லை.

பிப்ரவரி 14

நோட்டீஸ்களை அடுக்கும் வேலை. ரோஸ், பச்சை, மஞ்சள் என்று மலிவுக் காகிதம். மடிப்பில் தொட்டாலே விடுகிறது. சிலர் அக்கறையாக செலோ டேப் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பசை பழுப்பேறி எழுத்தையே தின்றிருக்கிறது. லாமினேஷன் செய்தது இன்னும் மோசம், பிரிக்கவே வழியில்லை.

ஒரு 'வள்ளி திருமணம்' நோட்டீஸில் ஆங்கிலத் தேதி இருந்த மூலை கிழிந்துபோயிருந்தது. மிச்சம் இருப்பது 'பிங்கள வருடம் பங்குனி மாதம்'. பிங்கள என்றால் 1917–18, இல்லை 1977–78. அறுபது வருஷச் சுற்று அப்படி. அடியில் பொடி எழுத்தில் ஒலிபெருக்கி, டியூப்லைட் அலங்காரம் என்று ஒரு கடைப் பெயர் இருந்தது. அப்போது சந்தேகமே இல்லை, 1978 பங்குனிதான். நாடகத்துக்குச் சம்பந்தமே இல்லாத அந்தக் கடைதான் சாட்சி சொல்லியது. அதனால் பதிவேட்டில் நடிகர் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல் மைக்செட், அச்சகம், ஏஜென்ட், விழாக் கமிட்டி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 20

திருமங்கலம் போய் தியாகி விஸ்வநாததாஸ் நினைவு இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். 1886இல் சிவகாசியில் பிறந்தவர். முருகன் வேஷத்தில் வந்து, 'கொக்கு பறக்குதடி பாப்பா' என்று வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடியவர். எத்தனை தடவை சிறைக்குப் போனாலும் வெளியே வந்ததும் அதே பாட்டு, அதே மேடை. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் முருகனாக மேடையில் இருந்தபோதே உயிர் பிரிந்தது.

அவருக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் மதுரகவி பாஸ்கரதாஸ். 1931இல் வந்த 'காளிதாஸ்' படத்துக்கும் இவர்தான் பாட்டு. பல வருடங்கள் விடாமல் நாட்குறிப்பு எழுதியவர். குடும்பத்தார் அதைப் பத்திரமாக வைத்திருந்து புத்தகமாகவும் கொண்டுவந்தார்கள். மதுரை நாடக உலகத்தில் யார் வந்தார், யார் போனார் என்று இன்றைக்கு நாம் பேச முடிகிறதென்றால் அதற்கு அந்தக் குடும்பத்தைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு யோசனை. ஆங்கிலேய அரசாங்கம் தடை செய்த பாட்டுப் புத்தகங்கள் அரசுக் கோப்புகளில் பிழைத்துக் கிடக்கின்றன. தடை செய்யப்படாத வள்ளி பாட்டும் பவளக்கொடி பாட்டும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியவற்றிலேயே எத்தனையோ நம் கையில் இல்லை. 1918இல் மதுரையில் பாலர் சபை தொடங்கி, டி.கே.எஸ். சகோதரர்களைப் போன்ற பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்து உருவாக்கியவருக்கே இந்த நிலை.

பிப்ரவரி 27

இன்று பார்த்த அம்மா நாற்பது வருஷம் ஸ்திரீபார்ட் போட்டவர். பெயரும் ஊரும் எழுதவில்லை, காரணம் பின்னால் வருகிறது.

"ஒத்திகையா? அதெல்லாம் எங்களுக்கு எங்க தம்பி? நாரதர் யாருன்னே மேடையிலதான் பாப்போம்" என்றார். ஆர்மோனியக்காரரிடம் கட்டை (பாடுகிற சுருதி) எத்தனை என்று சொல்லிவிட்டு ஏறினால், விடியும்வரை நாடகம் ஓடும். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் மட்டும் இரண்டு மணி நேரம் போன ராத்திரிகள் உண்டாம். எதிராளி புதுசாக ஒரு கேள்வி போட்டால் அங்கேயே பதில் கட்ட வேண்டும். "பதில் வரலைன்னா ஆர்மோனியம் ஒரு சுரம் பிடிச்சு நேரம் வாங்கிக் குடுக்கும். அந்த அண்ணன் இல்லைன்னா நானெல்லாம் ஏது?"

பாட்டு நோட்டைக் காட்டினார். நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ராகம், பக்கத்தில் கட்டை, ஓரத்தில் எந்த நாரதர் என்ன கேட்பார் என்று குறிப்பு. பக்க ஓரங்களில் ரோஸ் பவுடர் படிந்த விரல் தடம். நோட்டைத் தர மாட்டேன் என்றார், ஒரு சின்னப்பெண் அதை வைத்துத்தான் பாடம் பண்ணுகிறாளாம். ரொம்பச் சரி. பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்தேன்.

கிளம்பும்போது, "பேர் போடாதீங்க தம்பி. மக வீட்டுல நான் நாடகத்துல இருந்தது தெரியாது" என்றார். கூத்தாடி என்று இந்த ஊர் அவர்களைச் சொன்ன சொல் இன்னும் அந்த வீட்டு வாசலில் நிற்கிறது. அவர் பேச்சின் ஒலிப்பதிவை மூடிய கோப்பில் வைக்கிறேன், அவர் சம்மதிக்காமல் யாரும் கேட்க முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார்.

மார்ச் 5

இசைத்தட்டுகள் வந்தன. நாடக மேடையில் பாடிப் பேர் வாங்கிய கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா என்று உதவிக்கு வந்த பையன் கேட்டான். கூடவே கூடாது. 78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது, ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். நிற்க வைத்து அடுக்கச் சொன்னேன்.

மார்ச் 11

அறையில் எதை எங்கே வைப்பது என்று கூட்டம். எம்.எஸ். சுப்புலட்சுமி, மதுரை மணி ஐயர், மதுரை சோமு என்று பெரிய படங்களாக மாட்டினால் கூட்டம் வரும் என்றார்கள். அவர்கள் மூவரும் மதுரையின் சொத்து, நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் அவர்கள் குரல் எல்லார் போனிலும் இருக்கிறது. ஆர்மோனியப் பின்பாட்டு, பபூன், தாளமும் பின்னணிச் சத்தமும் தருகிற ஆல்ரவுண்ட், சீன் கட்டினவர், இவர்களுக்கு இந்த ஓர் அறையை விட்டால் வேறு இடம் கிடையாது. கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன்.

கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். நடுவில் ஆர்மோனியப் பெட்டி, சுற்றிலும் பிளாக்குகள், பக்கத்திலேயே ஒரு பெரிய நோட்டு. பார்க்க வருகிறவர்களில் எந்த முகத்தையாவது அடையாளம் தெரிந்தவர்கள் பெயரும் ஊரும் எழுதலாம். திறப்பு சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால். அழகரைப் பார்க்க ஊர் ஊராக வருகிறவர்களில், புதுக்கோட்டைப் பக்கத்து ஆள் யாராவது அந்த மூக்குத்தி அம்மாவைச் சொல்லிவிடுவார் என்று நம்புகிறேன்.