கீமோ போட்ட பிறகு வரும் காய்ச்சல்

திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ் நான். கட்டைப்பை நிறைய ஸ்கேன் கவர்களோடு ஒரு குடும்பம் வந்து இறங்கினால் கேன்சர் நோயாளி என்று எங்கள் செக்யூரிட்டி அண்ணனே சொல்லிவிடுவார்.

ஏன் ராத்திரியில் வருகிறார்கள்? கீமோ கொடுக்கும் டே கேர் சாயங்காலத்தோடு பூட்டிவிடும். வலியும் வாந்தியும் நேரம் பார்த்தா வரும்? மணப்பாறைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வயிறு உப்பி, வெளிக்குப் போகாமல் துடித்துக்கொண்டு வந்தார். வலிக்கு மார்ஃபின் சாப்பிடுகிறவர். மார்ஃபின் மலத்தை இறுக்கும். கூடவே மலமிளக்கியும் தினமும் எடுக்க வேண்டும். சீட்டில் எழுதியிருந்தது, எதற்கென்று யாரும் விளக்கவில்லை. "வலிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு நாங்களே நிறுத்திட்டோம்மா" என்றார் அவர் மனைவி. குடல் அடைப்பு இல்லை என்று எக்ஸ்ரேயில் பார்த்த பிறகு எனிமா கொடுத்தோம். விடியும்போது காபி கேட்டார்.

"இதுக்கெல்லாமா எமர்ஜென்சி" என்று சலித்துக்கொள்ளும் டாக்டர்கள் உண்டு. வேறெங்கே போவார்கள்? ராத்திரியில் போன் பண்ணிக் கேட்க ஒரு நம்பராவது கொடுத்தோமா?

என் பயமெல்லாம் ஓடி வர வேண்டியவர்கள் வராமல் இருப்பதில்தான். கீமோ போட்டு 7 முதல் 14 நாட்களுக்குள் பெரும்பாலும் கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். சீழ் பிடிக்கக்கூட அணுக்கள் இருக்காது. வீக்கமோ சளியோ தெரியாது, காய்ச்சல் மட்டும்தான் அடையாளம். 100.4 டிகிரி தொட்டால் என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்த கையோடு, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். வீட்டில் என்ன நடக்கிறது? ஒரு டோலோ, நெற்றியில் ஈரத்துணி, "காலையில பாத்துக்கலாம்". மாத்திரையில் சூடு இறங்கியதும் எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள். காலையில் பி.பி. 80க்கு விழுந்த நிலையில் ஸ்ட்ரெச்சரில் வருகிறார்கள்.

முதுகுவலியோடு கால் மரத்துப்போவதும் இப்படித்தான். கட்டி தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருக்கலாம். நடந்து வருகிறவரை நடக்க வைத்தே அனுப்ப வாய்ப்பு அதிகம். கால் செயலிழந்த பிறகு ரொம்பக் கஷ்டம். தைலம் தேய்ப்பதிலேயே நாள் போய்விடுகிறது.

இப்போதெல்லாம் வீட்டுக்குப் போகிறவர்களின் ஃபைல் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிடுகிறேன்: "100.4 இருந்தால் உடனே வரவும். கீமோ என்று முதலில் சொல்லவும்." டோக்கன் கொடுத்து உட்கார வைத்தால் சண்டை போடுங்கள் என்பதை மட்டும் வாயால் சொல்கிறேன்.